வேட்டைக்குப் போன அண்ணன்

மானாமதுரை வைகைக் கரையில் இருக்கிறது. அர்ச்சுனாபுரம் வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தாலே 90 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கால்நடையாகப் போகிறவளுக்கு எந்தக் கோடும் நேராக இருக்காது. கிழக்கே ஆறு, மேற்கே மலை, நடுவில் முழுக்க வானம் பார்த்த பூமி: காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, இன்னும் தெற்கே பரளச்சி. கரிசலும் செவலும் மாறி மாறி வரும் இந்த நிலத்தில் கண்மாய் பெருகினால் சோறு, பெருகாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். நல்லதங்காள் கதைக்கு அழுத ஊர்கள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. கேரளத்திலும் உண்டு; ஜேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப் நடித்து 1950-இல் வெளிவந்த ‘நல்லதங்க’ மலையாளத்தில் பெரும் வெற்றி பெற்ற படம். ஆனால் கதை சொல்லும் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கிடப்பது இந்த வறண்ட சீமை. கதையின் நியாய அநியாயங்களை இந்த நிலத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால் வேறொரு முகம் தெரிகிறது.

அன்புக்கும் குடும்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழியும் மனிதர்கள் என்றதும் படித்தவர் மனதில் முதலில் வந்து நிற்பவர்கள் ரோமியோவும் ஜூலியட்டும்தான். தமிழ் மேடைக்கு அவர்களும் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களின் பட்டியலில் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் ஆகியவற்றோடு ரோமியோ ஜூலியட்டும் இருக்கிறது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ (1937) படத்துக்கு இளங்கோவன் வசனம் எழுதியபோது ஷேக்ஸ்பியரின் காதல் காட்சிகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் தென்மாவட்டத்துக் கிராம மேடையில் ரோமியோ தங்கவில்லை. நின்றது வள்ளி, நின்றது நல்லதங்காள். இதை ரசனைக் குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முன் வரும் சிக்கலை வள்ளி திருமணம் ஒரே இரவில் தீர்த்துவைக்கிறது: பெண்ணைப் பெற்றவன் படையோடு வருகிறான், தோற்கிறான், கடைசியில் சம்மதிக்கிறான், மாப்பிள்ளை முருகன் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஊர்க்காரர்களை உறுத்திய சிக்கல் வேறு. கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் பிறந்து, காலம் கெட்டுப்போன பிறகு, பெண் எந்த வீட்டுக்காரி என்பதுதான் அது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சில இடங்களை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்லதம்பியும் நல்லதங்காளும் உடன்பிறந்தவர்கள். தங்கையை மானாமதுரைக் காசிராஜனுக்குக் கட்டிக்கொடுக்கிறான் அண்ணன். அங்கே பன்னிரண்டு வருஷப் பஞ்சம். (பன்னிரண்டு என்பது தமிழில் பஞ்சத்துக்கென்றே எழுதிவைத்த கணக்கு போலிருக்கிறது, இறையனார் களவியல் உரை சொல்லும் பாண்டிய நாட்டுப் பஞ்சத்துக்கும் அதே பன்னிரண்டு ஆண்டுதான்.) இருந்ததை எல்லாம் விற்றுத் தின்று தீர்ந்த பிறகு, பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். கணவன் தடுக்கிறான். கெட்டு நொந்து போய் உறவு வாசலில் நின்றால் மதிக்க மாட்டார்கள் என்பது அவன் வாதம். அவள் கேட்கவில்லை. என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்கிறாள்.

அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லைதான். வழியில், காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த அண்ணனையே பார்த்துவிடுகிறாள். அவன் உருகுகிறான், பிள்ளைகளைக் கொஞ்சுகிறான். பிறகு, நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைக்கிறான்.

வீட்டில் மதினி மூளி அலங்காரி இருக்கிறாள். இவர்கள் வருவது தெரிந்து கதவைச் சாத்துகிறாள். பசியில் பிள்ளைகள் எடுத்துக் கடித்ததை வாயிலிருந்து பிடுங்குகிறாள். பிறகு, சமைத்துக்கொள் என்று புழுத்துப்போன பழைய கேழ்வரகையும் உடைந்த பாத்திரத்தையும் எரியாத பச்சை விறகையும் கொடுக்கிறாள். எப்படியோ கூழ் காய்ச்சி இறக்கும் நேரத்தில் அதையும் கொட்டிவிடுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளோடு வெளியேறுகிறாள். அண்ணன் தேடி வந்தால் தெரியட்டும் என்று வழி நெடுகச் செடிக் கொப்புகளை ஒடித்துப் போட்டபடி போகிறாள். பாழுங்கிணறு ஒன்றில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். மூத்தவன் தப்பி ஓடுகிறான். அவனையும் பிடித்துத் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். அண்ணன் வீடு திரும்பி, மனைவி சொன்ன பொய்யைக் கடந்து, கொப்புகளைப் பின்தொடர்ந்து வந்து கிணற்றை எட்டிப் பார்க்கிறான். அப்புறம் பழிவாங்கல், அப்புறம் தற்கொலை. இதற்குள் மானாமதுரையில் மழை பெய்து, மனைவி மக்களை அழைத்துப்போக வரும் காசிராஜனும் சாகிறான். கடைசியில் தெய்வம் வந்து உயிர்ப்பிப்பது, பிறகு சாமியாவது எல்லாம் பாடத்துக்குப் பாடம் வேறுபடும். அர்ச்சுனாபுரத்தில் இன்றும் நல்லதங்காள் கோயில் இருக்கிறது. கிணற்றையும் காட்டுகிறார்கள்.

இந்தக் கதைப்பாடலை வழக்கம்போலப் புகழேந்திப் புலவர் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள். அல்லியரசாணி மாலை எழுதியவர், பவளக்கொடி மாலை எழுதியவர், இதையும் அவரே எழுதினார் என்பது பெரிய எழுத்துப் புத்தகம் போட்டவர்களின் வழக்கம். புகழேந்தியின் நளவெண்பாத் தமிழையும் இதன் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும் நம்ப மாட்டார்கள். இரத்தின நாயகர் அண்டு சன்ஸ், ஆர்.ஜி. பதி கம்பெனி போன்ற சென்னைப் பதிப்பகங்கள் அச்சடித்த இந்தப் புத்தகங்கள் திருவிழாக் கடைகள் வழியாக ஊர் ஊராகப் போயின. எழுத்துத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் அந்தக் காதுகளுக்காக எழுதப்பட்டது. கதை தெரியாத பார்வையாளர் ஒருவர்கூட அதற்குக் கிடையாது.

கதை தெரிந்த பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள்: குற்றவாளி மூளி அலங்காரி. அந்தப் பெயர் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. நாத்தனாருக்குச் சோறு போட முகம் சுளித்த எந்த மதினிக்கும் அந்தப் பட்டம் தயாராக இருக்கிறது. தீர்ப்பில் பிழை இல்லை. அவள் செய்தது கொடுமைதான். ஆனால் கதையின் கட்டுமானம் வேறொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. இந்த நாடகத்தில் இரண்டு பக்கம் இழுபடும் ஒரே ஆள் நல்லதம்பி. கட்டிய மனைவி ஒரு பக்கம், கூடப்பிறந்தவள் ஒரு பக்கம். இருவரும் நேருக்கு நேர் சந்திக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அந்தச் சந்திப்பில் அவன் இல்லை. தங்கையோடு சேர்ந்து வீட்டுக்கு நடந்து வந்திருந்தால் கதையே இல்லை. மான் ஓடிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? மனைவியை நம்பினான் என்று சொல்லலாம். வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்று நினைத்தான் என்றும் சொல்லலாம். என் கணிப்பு வேறு. குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு நடுவே தேர்வு செய்ய வேண்டிய தருணத்தில் அந்த இடத்தில் இல்லாமல் இருப்பதே ஆண்களின் பழைய உத்தி. வயக்காட்டுக்குப் போயிருந்தேன், டவுனுக்குப் போயிருந்தேன், எனக்குத் தெரியாமல் நடந்துபோச்சு என்ற சமாதானங்களை இந்தப் பக்கத்தில் எந்தப் பஞ்சாயத்திலும் கேட்கலாம். வேட்டை என்பது அந்தச் சமாதானத்தின் ராஜ உடுப்பு. கதை இவர்களை ராஜா ராணி என்றுதான் சொல்கிறது; ராணி கையில் கேழ்வரகுதான் இருக்கிறது.

இனி அந்த இரண்டு பெண்கள். அலங்காரி நிற்கும் வீடு அவளுடையது அல்ல. கட்டிக்கொண்டு வந்த வீடு. நல்லதங்காள் வந்து நிற்கும் வீடும் அவளுடையது அல்ல. கட்டிக்கொடுத்து அனுப்பிய வீடு. குதிரில் இருக்கும் தானியத்தின் மேல் இருவருக்குமே சொந்தமாக உரிமை கிடையாது. இருவரும் நம்பியிருப்பது ஒரே மனிதனின் பிரியத்தை. அதில் ஒருத்திக்குக் கூடினால் இன்னொருத்திக்குக் குறையும் என்று இருவரும் நினைக்கும்படியான ஏற்பாடு அது. உரிமை உள்ளவன் காட்டில் இருக்கிறான். உரிமை இல்லாத இருவர் வாசலில் மோதிக்கொள்கிறார்கள்.

அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய பஞ்சம் பற்றிய நூலின் மையக் கருத்து இங்கே பொருந்துகிறது. ஊரில் உணவே இல்லாததால் மட்டும் மக்கள் சாவதில்லை; இருக்கும் உணவின் மேல் அவர்களுக்கு உரிமை அற்றுப்போவதால் சாகிறார்கள் என்றார் அவர். சென் சந்தையையும் கூலியையும் விலையையும் பற்றிப் பேசினார். நல்லதங்காள் கதை அதையே அடுப்படிக்குக் கொண்டுவருகிறது. அர்ச்சுனாபுரத்தில் பஞ்சம் இல்லை. மலை அடிவாரம், ஆற்றுப் பாய்ச்சல், இன்றைக்கும் நெல்லும் தென்னையுமாக இருக்கும் பக்கம். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தைத் தாண்டி வந்தவள், தானியம் நிறைந்த வீட்டின் வாசலில்தான் தோற்றுப்போகிறாள்.

அவளுக்கு அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உரிமை இல்லை, முறை இருந்தது. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, மண்டபசாலை, பரளச்சி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாதியை எடுத்தாலும், பிறந்த வீடு ஒரு பெண்ணை விட்டுவிடுவதே இல்லை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வர வேண்டும். அவள் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே ஆய்வு செய்து 1957-இல் பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்ட லூயி துய்மோன், தென்னிந்தியக் கல்யாணத்தை இரண்டு குடும்பங்களுக்கு இடையில் தலைமுறை தலைமுறையாக ஓடும் கொடுக்கல் வாங்கலாகப் பார்த்தார். அண்ணனிடமிருந்து தங்கை வீட்டுக்குப் போகும் சீர்களைச் சொத்துப் பங்குக்கு ஈடான ஒன்றாகவே படித்தவர்களும் உண்டு. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத காலத்தில் இந்த ஏற்பாடு அழகானது. மார்கரெட் ட்ராவிக் 1990-இல் எழுதிய தமிழ்க் குடும்ப அன்பு பற்றிய நூலில், தமிழ் உறவுகளிலேயே ஏக்கம் மிகுந்தவற்றில் ஒன்றாக அண்ணன் தங்கை உறவைக் காண்கிறார். ஏக்கம் இருக்கும்தான். எழுதிக் கொடுக்காத ஒன்றை வாழ்நாள் முழுக்க நம்பியிருப்பதில் வேறென்ன இருக்கும்?

சீருக்கு ஒரு விதி உண்டு. கொடுப்பவன் தேதி குறிப்பான். வாங்குகிறவள் தேவைப்பட்ட நாளில் கேட்க முடியாது. காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணனிடம், கண்மாய் வற்றிய வருஷத்தில் போய் இரண்டு மூட்டை கம்பு கொடு என்று உரிமையாகக் கேட்க வழியில்லை. கேட்டால் அது பிச்சை. காசிராஜன் தடுத்தது இதைத் தெரிந்துதான். நல்லதங்காள் தவறவிட்டது இதைத்தான். சீர் கொடுத்த கை எப்போதும் கொடுக்கும் என்று எண்ணினாள்.

1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து இரண்டு வருஷம் நீண்ட தாது வருஷப் பஞ்சம் இந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த கதைக்கு ரத்தமும் சதையும் கொடுத்திருக்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி பெயர்போனது. ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதி அப்போதும் நிற்கவில்லை. தென்மாவட்டத்து ஆட்கள் கண்டிச் சீமைக்குக் கப்பலேறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன ஒவ்வொரு வீட்டிலும், பிள்ளைகளோடு எந்த வாசலுக்குப் போவது என்ற கேள்வி ஒரு பெண்ணுக்கு மிச்சம் இருந்திருக்கும். சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. வானம் பார்த்த பூமியில் பிறந்த பையன் அந்த வருஷங்களில் என்ன பார்த்திருப்பான் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. வளர்ந்து உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார்.

இப்படிச் சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் மறைந்த பிறகும் அவர் நாடகங்கள் உயிரோடு இருப்பது ஸ்பெஷல் நாடகத்தில். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியப் பெட்டி தொடங்கி விடிகாலை வரை போகும் நாடகம் இது. மதுரையிலிருந்து ராஜபார்ட், புதுக்கோட்டையிலிருந்து ஸ்திரீபார்ட், திண்டுக்கல்லிலிருந்து பபூன் என்று தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்றைக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. பாட்டு சுவாமிகளுடையது, நடுவில் வரும் பேச்சு அவரவர் நாக்கு. சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட ஸ்பெஷல் நாடக ஆய்வு இந்தக் கலைஞர்கள் மேல் சமூகம் சுமத்தும் அவமதிப்பைப் பற்றியது. அவர் புத்தகத்தின் அக்கறை வேறு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அவரவர் நாக்கு. எழுதிவைத்த பிரதியில் அலங்காரி வெறும் கொடுமைக்காரி. ஆனால் தர்க்கத்துக்குப் பேர்போன இந்த மேடையில் எதிராளியை வாயடைக்காமல் ஸ்திரீபார்ட் மேடையை விட்டு இறங்க மாட்டாள். அலங்காரி வேடம் கட்டியவளும் சும்மா நின்று திட்டு வாங்கிக்கொண்டிருக்க மாட்டாள். உன் புருஷன் சம்பாதிக்கவில்லை என்றால் என் புருஷன் பொறுப்பா என்ற ஒரு கேள்வி போதும். கூட்டம் அவளை ஏசும். ஏசுகிற கூட்டத்தில் பாதிப்பேர் மதினிகள்.

அண்ணனா கணவனா என்ற கேள்வியைக் கிரேக்கர்களும் கேட்டார்கள், வேறு விதமாக. ஹெரோடோட்டஸ் ஒரு பாரசீகக் கதை சொல்கிறார். இன்டஃபர்னீஸ் என்ற பிரபுவின் குடும்பத்து ஆண்களை எல்லாம் மன்னன் தாரயவஷ் கைது செய்கிறான். பிரபுவின் மனைவி அரண்மனை வாசலில் அழுதுகொண்டே இருக்கிறாள். ஒருவரை விடுகிறேன், யார் வேண்டும் என்கிறான் மன்னன். அண்ணனைக் கேட்கிறாள். கணவன் வேறு கிடைக்கலாம், பிள்ளை வேறு பிறக்கலாம், தாய் தந்தை இறந்துவிட்டதால் அண்ணன் இனிப் பிறக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. சோஃபக்கிளீசின் அன்டிகனியும் சாகப்போகும் நேரத்தில் ஏறத்தாழ இதே வாதத்தைச் சொல்கிறாள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ அரச ஆணையை மீறியிருக்க மாட்டேன், அண்ணன் என்பதால் மீறினேன். அந்தப் பகுதி ஜெர்மன் கவிஞர் கதேயை மிகவும் சங்கடப்படுத்தியது. யாராவது ஒரு அறிஞர் அது இடைச்செருகல் என்று நிரூபித்தால் நன்றாயிருக்கும் என்று 1827-இல் தன் நண்பர் எக்கர்மானிடம் சொன்னார். அரிஸ்டாட்டில் அதை எடுத்துக்காட்டியிருப்பதால் அந்த ஆசை நிறைவேறுவது கஷ்டம்.

கதே நம் பக்கத்துக்காரராக இருந்திருந்தால் சங்கடப்பட்டிருக்க மாட்டார். நல்லதங்காளும் அந்தக் கணக்கின்படிதான் நடந்தாள், அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். கணவன் பேச்சைத் தட்டிவிட்டு அண்ணனை நம்பிப் புறப்பட்டாள். சாகப்போகும் போதும் கொப்பு ஒடித்துப் போட்டது அண்ணன் வருவதற்காக. கணவனுக்கு அவள் எந்த அடையாளமும் விட்டுவைக்கவில்லை. பத்தினி என்று கதை அவளை ஆயிரம் முறை சொன்னாலும், கடைசி நம்பிக்கை கணவன் மேல் இல்லை. அன்டிகனி செத்துப்போன அண்ணனுக்கு மண் தள்ளப் போனாள். இவளுடைய அண்ணன் உயிரோடு இருக்கிறான், தாராள மனசுக்காரன், பக்கத்துக் காட்டிலேயே இருக்கிறான். அதனாலேயே இது எனக்கு அன்டிகனியைவிடக் கசப்பான கதையாகப் படுகிறது.

பிள்ளைகளைக் கொன்றதை வைத்து இவளை மெடியாவோடு சேர்த்துப் பேசுவார்கள். பொருத்தம் மேலோட்டமானது. யூரிப்பிடீசின் மெடியா (கி.மு. 431) கணவனைத் தண்டிக்கப் பிள்ளைகளைக் கொல்கிறாள்; கொன்றுவிட்டு உயிரோடு தப்புகிறாள். மெடியா கணவனுக்காகத் தன் அப்பனையும் தம்பியையும் காட்டிக்கொடுத்து வந்தவள். திரும்பிப் போகப் பிறந்த வீடு இல்லாதவள். நல்லதங்காளுக்குப் பிறந்த வீடு இருந்தது என்பதுதான் வினை. யாரையும் தண்டிக்க அவள் பிள்ளைகளைத் தள்ளவில்லை. இந்தப் பிள்ளைகள் இன்னொருத்தி வாசலில் நிற்கக் கூடாது என்பது மட்டுமே அவள் மனசில் இருந்தது. ஓடிப்போன மூத்தவனையும் விடாமல் பிடித்துத் தள்ளும் இடம் மேடையில் மிகவும் கஷ்டமானது. அவள் செயலுக்குப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த பார்வையாளர் அந்த ஒரு நிமிஷம் பையன் பக்கம் போய்விடுவார். நாடகம் அதையும் மறைக்கவில்லை.

பழிவாங்கல் பகுதியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். தண்டனையின் விதம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாத ஒன்று, அலங்காரி தனியாகச் சாவதில்லை. அவள் பிறந்த வீட்டுச் சனமும் சேர்ந்து அழிகிறது. இது ஏன்? தன் தங்கைக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. எனவே உனக்கும் பிறந்த வீடு இருக்கக் கூடாது. அந்தக் கோரத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. அலங்காரிக்கும் எங்கோ ஓர் அண்ணன் இருந்திருப்பான், அவனும் அவளுக்குச் சீர் கொண்டுவந்திருப்பான் என்பதைக் கதை அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறது, ஒப்புக்கொண்ட கையோடு வெட்டியும் போடுகிறது. காட்டிலிருந்து வந்த நல்லதம்பி செய்யும் முதல் உறுதியான காரியம் கொலை. அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது, தங்கையோடு வீட்டுக்கு வருவது மட்டும்தான்.

தமிழ் சினிமா இந்த முடிச்சை அவ்வப்போது எடுத்து முகர்ந்து பார்த்திருக்கிறது. ‘பாசமலர்’ (1961) அண்ணன் பக்கம் நின்று அழுதது. பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ (1993) கொஞ்சம் துணிந்தது: அண்ணன் மாயாண்டிக்கும் கணவன் சிவனாண்டிக்கும் நடுவில் விருமாயி நிற்கிறாள், சீரும் மொய்யும் சம்பந்தமும் பாசத்தின் பெயரில் வந்து வஞ்சமாக மாறுவதை அந்தப் படம் காட்டிவிட்டது. ஆனாலும் இரண்டு படங்களிலும் அண்ணன் பெரிய மனிதன். வேட்டைக்குப் போனவனை யாரும் விசாரிக்கவில்லை.

சட்டம் விசாரித்தது. 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அதில் ஒரு நிபந்தனை: 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது. அந்தச் சட்டத்தின்படி பார்த்தால் நல்லதங்காளுக்கு ஒன்றும் இல்லை. 2005 செப்டம்பரில் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. காகிதத்தில் இன்றைய நல்லதங்காள் அர்ச்சுனாபுரத்துக் குதிரில் பங்காளி.

நடப்பு வேறு. பீனா அகர்வால் 1994-இல் வெளியிட்ட நிலவுரிமை ஆய்வு, தெற்காசியா முழுவதும் பெண்கள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பதைப் பதிவு செய்தது. கணவன் கைவிட்டாலோ செத்தாலோ போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்ற பயமே அதன் முக்கியக் காரணம் என்றது. இந்தச் சீமையிலும் அதேதான். நாலுவழிச் சாலைப் பக்கமும் ஊர் ஓரமும் மனை விலை ஏறிய பிறகு, மானாவாரிப் புஞ்சைக்குக்கூட விடுதலைப் பத்திரம் தேவைப்படுகிறது. வழக்குப் போட்ட தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குத் தாய்மாமன் வருவதில்லை. பங்கு கேட்டவள் செத்தால் கோடி வருமா என்பது சந்தேகம். ஆகவே பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பங்கை வாங்கிக்கொண்டால் வாசல் போய்விடும், வாசலை வைத்துக்கொண்டால் பங்கு போய்விடும். இதில் அவர்கள் ஏமாளிகள் இல்லை. சட்டம் தரும் பங்கு ஒருமுறை வருவது, பிறந்த வீடு ஆயுசுக்கும் வேண்டியது என்று கணக்குப் பார்த்தே செய்கிறார்கள். அந்த வாசல் பஞ்ச காலத்தில் திறக்குமா என்பதற்குப் பத்திரத்தில் ஷரத்து எழுத இடமில்லை. குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வையும் குறைவு. எழுதும் அன்றைக்குக் காலையிலேயே அண்ணன் கார் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிடுகிறான், சார்பதிவாளர் அலுவலகம் வரை கூடவே போகிறான், மதியச் சாப்பாடும் அவன் செலவு.